தோன்றா எழுவாய்

வினிபெக், சார்ஜன்ட் அவென்யூ,
தேவாலயத்து நிலவறையில் செவ்வாய் வகுப்பு.
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
பதினொரு பேரின் சப்பாத்துகள் உருகி
வாசலில் ஒரு குட்டை.

எழுவாய்க்கு நீலத்தில் ஒரு கோடு,
வினைக்குச் சிவப்பில் இரண்டு,
செயப்படுபொருளைச் சுற்றி வட்டம்
என்கிறா மிஸ் க்ளாசன்.
நாய் மனிதனைக் கடித்தது.
செலாம் எல்லாவற்றுக்கும் வட்டம் போடுகிறாள்,
ஒருவரும் விடுபடக்கூடாதாம்.

என் மொழியில் வசனத்தைக் கலைத்துப் போடலாம்.
மனிதனை நாய் கடித்தது,
கடித்தது நாய் மனிதனை,
எப்படிப் புரட்டினாலும் கடிபட்டவன் அவன்தான்.
வாலில் ஓர் ஐ
அவனைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
இங்கே பிடிக்க ஒன்றுமில்லை,
வரிசைதான், கதிரை இலக்கம்தான்.
இடம் மாறி உட்கார்ந்தால்
மனிதன் நாயைக் கடித்துவிடுவான்.
ரோடெல் குரைத்தபடி அதை நடித்துக் காட்டினான்.

இட் இஸ் ஸ்னோயிங்.
யார் அந்த இட் என்று கேட்டேன்.
ஒருவருமில்லை, தவமலர்,
எழுவாயின் கதிரை வெறுமையாய் இருக்கக்கூடாது,
அதற்காக ஓர் ஆளை இருத்தியிருக்கிறோம்.
வானமா? இல்லை. கடவுளா? இல்லை.
வேலை செய்யாமல் சம்பளம் எடுக்கிறவன்
என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

எங்களிடம் வந்தேன் என்றால் போதும்.
கோட்டுப் பைக்குள் கைபோல
வினைக்குள்ளேயே நான் இருப்பேன்.
தோன்றா எழுவாய்.
எட்டாம் வகுப்பில் படித்தது,
இவ்வளவு குளிரில் ஞாபகம் வருகிறது.

மார்ச் மாதம், பாண் தொழிற்சாலை, இரவு வேலை.
மாவு பிரிக்கும் மெஷின்
ரோடெலின் இரண்டு விரல்களை எடுத்தது.
இந்த வசனத்தில் பிழையில்லை.
ஒபிசில் நீட்டிய தாளில்
வேறொரு வசனம்:
த கார்ட் வாஸ் ரிமூவ்ட்.
மூடி கழற்றப்பட்டிருந்தது.
சாட்சி என்ற இடத்தில் கையெழுத்து வை,
கொஃபி ஆறுது, என்றார் மனேஜர்.

நீலப் பேனை ஒன்றுதான் இருந்தது.
மூடியின் கீழே ஒரு கோடு,
சிவப்புக்குப் பதிலாக நகத்தால் இரண்டு கீறல்.
பிறகு பார்க்கிறேன்,
எழுவாயின் கதிரையில் மூடி இருக்கிறது, பாவம்,
அது ஒன்றுமே செய்யவில்லை.
செய்தவன் எழும்பிப் போய்விட்டான்,
கதிரையில் இன்னும் சூடு.

தமிழில் என்றால் விகுதியைப் பிடித்து இழுக்கலாம்,
கழற்றினானிலிருந்து ஒருவன் வெளியே விழுவான்.
இங்கே இழுத்துப் பார்த்தேன்.
ஒன்றும் வரவில்லை.
பனி தானாகப் பெய்யும், அதற்கு இட் போதும்.
நாலு திருகாணி போட்ட மூடி
தானாகக் கழலாது.

மெஷின் இன்னும் வேகமாக ஓடட்டும் என்று
ப்ரெண்ட் ஸ்க்ரூட்ரைவரோடு வந்ததைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்பதற்குள் ஒன்பது நாள்
வசதியாக இருந்தேன் நான்,
ஒருவருக்கும் தெரியாமல்.

ஆங்கிலம் விடாது. கதிரை நிரம்பவேண்டும்.
எங்கள் பக்கத்தில் வாலில் ஒட்டி
அடிபட்டவனைச் சுட்டும் அதே ஐ
இங்கே வசனத்தின் தலையில் நிற்கிறது,
தனியாக, பெரிய எழுத்தில்,
பஸ் தரிப்பிடத்துக் கம்பம்போல.
எழுதினேன்.
ஐ சா ப்ரெண்ட்.
அதன்பின் ரிமூவா, ரிமூவ்டா, ரிமூவிங்கா?
வெட்டினேன், எழுதினேன், திரும்ப வெட்டினேன்.
இதில் கதை எழுதத் தேவையில்லை என்றார்.
வசனம்தான், என்றேன். ஒன்றே ஒன்று.

அடுத்த செவ்வாய் ரோடெல் வந்தான்.
இடது கையால் போட்ட நீலக் கோடு
மேடேறி எழுத்தையே வெட்டியது,
மிஸ் க்ளாசன் திருத்தவில்லை.
இடைவேளையில் அவனிடம்
தொழிற்சாலை அறிவித்தலை விரித்துக் காட்டினேன்:
தவமலரின் வேலை நேரம் மாற்றப்பட்டுள்ளது.
பேனையைத் தா, என்றான்.